மேதை என்ற சொல்லின் கூலிக்கணக்கு

தமிழில் இலக்கிய விமர்சனம் என்ற பெயரில் எழுதப்படுகிற கட்டுரைகளில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் வாதம் நின்றுவிடுகிறது. அதுவரை மொழி, காலம், சாதி, வடிவம் என்று ஏதோ பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று 'இங்கே மேதைமை வெளிப்படுகிறது, இதை விளக்க முடியாது, உணரத்தான் முடியும்' என்று கையைக் கூப்பிவிடுகிறார். அதற்கு மேல் கேள்வி கேட்டால் நமக்கு நுண்ணுணர்வு இல்லை என்று ஆகிவிடும். உள்ளொளி, தரிசனம், உன்னதம், படைப்பு மனம் எல்லாம் இதே குடும்பத்துச் சொற்கள்தாம். இவற்றில் மேதை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, வந்த வழியில் யாருடைய கூலியை விழுங்கியது என்று பார்க்க விரும்புகிறேன்.

பேச்சுத் தமிழுக்கு இந்தச் சொல்மீது பெரிய பக்தி கிடையாது. 'பெரிய மேதாவி இவரு', 'மேதாவித்தனம் பண்ணாதே' என்றால் அது வசவு. கும்பிடு போடுவதெல்லாம் எழுத்துத் தமிழ்தான். அந்த எழுத்துத் தமிழின் 'மேதை'யும் வடமொழி மேதாவிலிருந்து வந்தது என்பது பாதி உண்மையே. சொல் அங்கிருந்து வந்தது. இன்று அது சுமக்கிற பொருள் 'ஜீனியஸ்' என்கிற ஐரோப்பியச் சொல்லினுடையது. ஆகவே கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

பழைய ரோமில் ஜீனியஸ் என்பது ஓர் ஆளுக்குப் பெயரில்லை. அது கூடவே பிறந்து கூடவே இருக்கிற காவல் தெய்வம். எல்லா ஆணுக்கும் ஒன்று உண்டு. பிறந்த நாளன்று அதற்கு மதுவும் சாம்பிராணியும் படைப்பார்கள். இடத்துக்கு ஒரு ஜீனியஸ், படைப்பிரிவுக்கு ஒரு ஜீனியஸ். நம் குலதெய்வத்துக்கும் எல்லைச்சாமிக்கும் பக்கத்தில் வைக்கத்தக்க சங்கதி. அசாதாரணத் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் அப்போதே அதற்குள் இருந்தன. ஒன்று, சொல்லின் வேர் 'பிறப்பித்தல்' என்ற பொருள் உடையது. ஆணின் வித்தோடு சேர்ந்தது. பெண்ணுக்கு ஜீனியஸ் கிடையாது, ஜூனோ என்று வேறொன்று. இரண்டு, வீட்டுத் தலைவனின் ஜீனியஸை வீடு முழுக்க, அடிமைகள் உட்பட, வணங்கவேண்டும். அகஸ்டஸ் இதைப் பேரரசு முழுவதற்கும் நீட்டித் தன் ஜீனியஸைத் தெருச்சந்திக் கோயில்களில் வைத்தான். எல்லாருக்கும் இருந்தது ஒருவனுடையதாகச் சுருங்குகிற கதையின் முதல் அத்தியாயம் இது எனலாம்.

கலைக்கும் இதற்கும் முடிச்சு விழ வெகுகாலம் ஆயிற்று. 1485இல் ஃபிளாரன்ஸ் நகரத்து அனாதை விடுதி ஒன்று கிர்லாண்டாயோ என்ற ஓவியரோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. அதில் ஓவியரின் அகதரிசனம் பற்றி ஒரு சொல் இல்லை. நீல வண்ணம் அவுன்ஸ் சுமார் நாலு ஃபுளோரின் விலையுள்ள அசல் நீலமாக இருக்கவேண்டும் என்று இருக்கிறது. ஓவியம் பட்டறைச் சரக்கு. சாயம் அரைக்கிற பையன், பின்னணி தீட்டுகிற உதவியாள், முகத்தை வரைகிற தலைமை ஆசான் எல்லாருமாகச் செய்வது. 1550இல் வசாரி ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதி வெளியிட்டபோது மைக்கலாஞ்சலோ கிட்டத்தட்ட கடவுளாகிவிடுகிறார். அந்த அறுபத்தைந்து ஆண்டுக்குள் ஓவியரின் சமூக அந்தஸ்து ஏறியிருக்கிறது. பட்டறை மறையத் தொடங்கியிருக்கிறது.

முழு மாற்றம் நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டில், அதுவும் புத்தகச் சந்தையில். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 1753இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஒரு பொருளாதார அகராதி 'புத்தகம்' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. புத்தகம் என்பது பலர் உழைத்து உருவாகிற சரக்கு என்று சொல்லிவிட்டு அந்தப் பலர் யார் என்று பட்டியல் போடுகிறது: அறிஞர், எழுதுபவர், காகிதம் செய்பவர், எழுத்து வார்ப்பவர், அச்சுக் கோப்பவர், அச்சிடுபவர், மெய்ப்புப் பார்ப்பவர், பதிப்பாளர், பைண்டு செய்பவர், சில சமயம் தங்கமுலாம் பூசுபவரும் பித்தளை வேலைக்காரரும். இந்தத் தொழிலால் பல வாய்களுக்குச் சோறு கிடைக்கிறது என்பதையும் குறிக்கிறது. எழுதுபவர் அந்த வரிசையில் ஓர் ஆள். அவ்வளவுதான்.

ஆறே வருஷத்தில், 1759இல், இங்கிலாந்தில் எட்வர்ட் யங் என்பவர் அசல் படைப்பு பற்றி ஒரு சிறு நூல் எழுதுகிறார். அசல் படைப்பு செடிபோல் மேதைமையின் வேரிலிருந்து தானாக முளைக்கிறது. மற்றதெல்லாம் பிறருடைய மூலப்பொருளைக் கொண்டு கைவேலையால் செய்யப்படுகிற பண்டம் என்பது அவர் கட்சி. இங்கிலாந்தைவிட ஜெர்மனியில்தான் இது பற்றிக்கொண்டது. ஏன்? மார்த்தா உட்மான்ஸி 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குத் தருகிற விடை எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. அன்றைய ஜெர்மனி முந்நூறு சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. ஒரு சிற்றரசில் அச்சான புத்தகத்தைப் பக்கத்துச் சிற்றரசில் யாரும் மறு அச்சுப் போட்டு விற்கலாம். அது குற்றமே இல்லை. எழுத்தாளனுக்குப் பதிப்பாளர் ஒருமுறை கொடுக்கிற சன்மானம் மட்டும்தான். வாசகர் கூட்டம் பெருகுகிறது, எழுதிப் பிழைக்கலாம் என்று ஒரு வர்க்கம் கிளம்புகிறது. ஆனால் சட்டப்படி அவர்களுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. கருத்து பொதுச்சொத்து, காகிதம் வாங்கியவன் சொத்து. எழுதியவனுக்கு மிச்சம் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் ஃபிஹ்டே 1793இல் பதில் சொல்கிறார். புத்தகத்தில் மூன்று இருக்கின்றன. காகிதம் வாங்கியவனுக்குப் போகிறது. கருத்து படித்தவர் எல்லாருக்கும் போகிறது. அந்தக் கருத்தை இவன் சிந்தித்துச் சேர்த்த வடிவம் மட்டும் இவனுக்கே உரியது, அதை வேறு யாரும் தனதாக்கிக்கொள்ள முடியாது. பதிப்புரிமையின் தத்துவ அடித்தளம் இது. இதற்கு மூன்று வருஷம் முன்பு காண்ட், கலைக்கு விதியைத் தருகிற இயற்கைக் கொடையே மேதைமை என்று வரையறுத்திருந்தார். அவர் கணக்கில் நியூட்டன் மேதை ஆகமாட்டார். ஏனென்றால் நியூட்டனால் தான் போன வழியை ஒவ்வொரு படியாகப் பிறருக்குக் காட்டமுடியும். ஹோமராலும் வீலாண்டாலும் அது முடியாது. (வீலாண்டை ஜெர்மனிக்கு வெளியே இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள்? தத்துவவாதி உதாரணம் காட்டும்போது சமகாலத்து ஆளைக் காட்டக்கூடாது.) எப்படிச் செய்தேன் என்று சொல்ல இயலாமையே இங்கே தகுதியாகிவிடுவது கவனிக்கத்தக்கது. வழியைச் சொல்லமுடியாது என்றால் கற்றுக்கொடுத்தவர் இல்லை, கூட வேலை செய்தவர் இல்லை, எடுத்துக்கொண்ட பழைய சரக்கும் இல்லை. சொத்துக்கு ஒற்றைப் பட்டாதாரர் வேண்டும். மேதைமை அந்தப் பட்டாவை எழுதித் தந்தது. அகராதிப் பட்டியலில் இருந்த மற்ற பத்துப் பேரும் அன்றோடு காணாமல் போனார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து மரபை நிறுத்திப் பார்ப்பது உதவும். வடமொழிக் கவிதையியலில் பிரதிபை உண்டு. ஆனால் மம்மடர் அதைப் புலமையோடும் பயிற்சியோடும் சேர்த்து, மூன்றும் கூடித்தான் கவிதைக்கு ஒரு காரணம் ஆகின்றன என்றார். ராஜசேகரர் படைக்கிற பிரதிபை, சுவைக்கிற பிரதிபை என்று இரண்டு வைத்தார். வாசகனுக்கும் ஒரு பங்கு. ஔவை பெயரில் வழங்குகிற தனிப்பாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓவியத்தையும் தமிழையும் கல்வியையும் பழக்கம் என்ற கணக்கில் எழுதிவிட்டு, நட்பு, இரக்கம், கொடை இவற்றைத்தான் கூடப்பிறந்தவை என்கிறது. காண்ட்டின் தலைகீழ்.

இதை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, நம் முன்னோர்' என்று மார்தட்டுவதற்கில்லை. தண்டி பிரதிபையை முற்பிறவி வாசனையோடு கட்டினார். முற்பிறவி உள்ளே வந்தால் பின்னாலேயே சாதி வரும். குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரம் சொன்னபடி கேட்டால் அது குலத்தொழில். பறை அடிக்கிறவர் மகன் ஏழு வயதில் அடி பிசகாமல் அடித்தால் அது அவர்கள் 'ரத்தத்திலேயே' இருப்பது, வியக்க ஒன்றுமில்லை. அதே ஏழு வயதில் வேறொரு தெருவில் ஒரு பிள்ளை ராகம் கண்டுபிடித்துச் சொன்னால் பிறவி மேதை என்று சபாவில் பொன்னாடை. இரண்டுமே பிறவியால் விளக்கப்படுகின்றன. ஒரு பிறவி ஆளைக் கூட்டத்துக்குள் அமிழ்த்துகிறது, இன்னொரு பிறவி கூட்டத்திலிருந்து தூக்கி நிறுத்துகிறது.

பிறவி மேதை என்றதும் மொசார்ட் ஞாபகம் வராமல் இருக்காது. முழு இசையும் தலைக்குள் ஒரே கணத்தில் வந்துவிடுகிறது, பிறகு காகிதத்தில் இறக்கி வைப்பதுதான் பாக்கி என்று மொசார்ட் எழுதியதாக ஒரு கடிதம் நூற்றாண்டுக் கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டது. உளவியல் நூல்கள்கூட அதை ஆதாரமாக வைத்தன. அந்தக் கடிதம் போலி. மொசார்ட் இறந்து இருபத்துநாலு வருஷம் கழித்து, 1815இல், ரோஹ்லிட்ஸ் என்பவர் தன் இசைப் பத்திரிகையில் வெளியிட்டது. 1850களிலேயே ஓட்டோ யான் அதைச் சந்தேகித்து எழுதிவிட்டார். ஆனாலும் கடிதம் சாகவில்லை. சந்தைக்கு அது தேவைப்பட்டது. உண்மையான மொசார்ட்டோ, 1785இல் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு நால்வர் இசைகளின் முன்னுரையில், இவை நீண்ட, கடினமான உழைப்பின் பலன் என்று தானே எழுதியிருக்கிறார். அடித்துத் திருத்திய வரைவுத் தாள்களும் ஏராளம் கிடைத்துள்ளன.

அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தது. அக்கா மரியா அன்னா. இருவரையும் சேர்த்தேதான் அப்பா 1763 முதல் மூன்று ஆண்டு ஐரோப்பிய அரண்மனைகளில் வாசிக்க வைத்தார். வயது வந்ததும் அவள் வீட்டோடு நின்றாள். அவள் இசையமைத்ததைத் தம்பி கடிதத்தில் பாராட்டியிருக்கிறார். அவள் எழுதியது ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. ஷேக்ஸ்பியருக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் என்று 1929இல் வர்ஜீனியா உல்ஃப் கற்பனை செய்தார். மொசார்ட் விஷயத்தில் கற்பனைக்கு அவசியமே இல்லை. 1971இல் லிண்டா நாக்லின், ஏன் மகத்தான பெண் ஓவியர்கள் இல்லை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியையே பிரித்துப் போட்டார். நிர்வாண உடலைப் பார்த்து வரைவதுதான் பெரிய ஓவியத்துக்கு அடிப்படைப் பயிற்சி என்று வைத்துவிட்டு, அந்த வகுப்புக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை பெண்களை விடாமல் இருந்தார்கள். அப்புறம் கருப்பையில் குறையா, மூளையில் குறையா என்று ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சிகளை இங்கே விரித்துச் சொல்ல விருப்பமில்லை, சுருக்கமாகப் போய்விடலாம். 1869இல் கால்ட்டன் மேதைமை பரம்பரையாக வருகிறது என்று பிரபலமான ஆங்கிலக் குடும்பங்களை எண்ணிக் காட்டினார். அவரேதான் பின்னால் இனமேம்பாட்டுவாதத்துக்குப் பெயர் சூட்டியவர். 1920களில் கலிஃபோர்னியாவில் டெர்மன், நுண்ணறிவு எண்ணை வைத்துச் சுமார் 1500 குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார். அவர் சோதித்து வேண்டாம் என்று தள்ளிய இரண்டு பையன்கள் பிற்பாடு இயற்பியலில் நோபல் வாங்கினார்கள். சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவரும் வாங்கவில்லை. தள்ளப்பட்ட இருவரில் ஒருவரான ஷாக்லி கடைசிக் காலத்தில் கறுப்பர்களுக்கு அறிவு குறைவு என்று பிரச்சாரம் செய்துகொண்டு திரிந்ததையும் சேர்த்துக்கொண்டால் கதை முழுமையாகும். ஐரோப்பாவில் இது எங்கே போய் முடிந்தது என்பது தெரிந்ததே. மேதை வழிபாடு ஒரு மதமாகிவிட்டது என்று 1918லேயே எட்கர் ஸில்ஸெல் வியன்னாவிலிருந்து எச்சரித்தார். அரசியல் தலைவனைச் சிற்பியாகவும் மக்களைக் கல்லாகவும் பார்த்தவர் கோயபல்ஸ். படைப்பாற்றல், மேதைமை, நிரந்தர மதிப்பு, மர்மம் என்கிற பழைய கருத்தாக்கங்கள் பாசிசத்துக்குத் தீனியாகும் என்று வால்டர் பெஞ்சமின் தன் புகழ்பெற்ற கட்டுரையின் முகப்பிலேயே எழுதியது சும்மா இல்லை. இருவருமே நாடு துறந்து, தற்கொலை செய்துகொண்டு இறந்தார்கள்.

இடதுசாரிகள் இதிலிருந்து தப்பித்துவிட்டார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும். நம் நாடகக்காரர்கள் எல்லாருக்கும் ஆசானாக விளங்குகிற ப்ரெக்டையே எடுத்துக்கொள்வோம். 1928இல் பெர்லினில் மேடையேறிய 'மூணு காசு நாடகம்', இருநூறு வருஷம் முந்தைய ஜான் கேயின் ஆங்கில நாடகத்திலிருந்து எடுத்தது. அந்த ஆங்கில நாடகம் லண்டனில் மறுபடி வெற்றிபெற்றதைக் கவனித்து ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர் எலிசபெத் ஹாப்ட்மன். வருமானம் பிரிக்கப்பட்ட விதம்: ப்ரெக்டுக்கு 62.5 சதம், இசையமைத்த குர்ட் வைலுக்கு 25, ஹாப்ட்மனுக்கு 12.5. வில்லோனின் கவிதைகளை அம்மர் என்பவரின் மொழிபெயர்ப்பிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்துவிட்டார் என்று 1929இல் ஒரு விமர்சகர் குற்றம் சாட்டியபோது, அறிவுச் சொத்து விஷயத்தில் எனக்கு அடிப்படையிலேயே கவனம் போதாது என்று ப்ரெக்ட் அலட்சியமாகச் சொன்னார்.

இதை நம்மில் பலர் புரட்சிகரமான பதில் என்று ரசிப்பதுண்டு. தனியுடைமைக்கு எதிரான நிலைப்பாடு என்கிற அளவில் ரசிக்கத்தக்கதுதான். ஆனால் சொத்துரிமையில் கவனம் போதாதவருக்கு 62.5 என்ற அரைப்புள்ளி வரை கணக்குத் தெரிந்திருக்கிறது. 1994இல் ஜான் ஃபூஜி என்பவர் தடித்த புத்தகம் போட்டு, அந்த நாடகத்தின் பெரும்பகுதியை எழுதியதே ஹாப்ட்மன்தான் என்று வாதிட்டார். ப்ரெக்ட் ஆய்வாளர்கள் அதிலிருந்த பிழைகளைப் பட்டியலிட்டு மறுத்தார்கள். எனக்கு ஃபூஜியிடம் உள்ள சண்டை வேறு. அவர் கிரீடத்தை ஒரு தலையிலிருந்து கழற்றி இன்னொரு தலையில் வைக்கப் பார்க்கிறார். திருடன் ஒருவன், திருட்டுக் கொடுத்த மேதை ஒருத்தி. அங்கே நடந்தது ஒரு பட்டறை. பட்டறையாகவே வேலை செய்து, பட்டறை என்று பெருமை பேசி, கடைசியில் ஒற்றை ஆளின் பெயரில் சந்தைக்குப் போனது. ப்ரெக்ட் இறந்த பிறகு அவர் தொகுதிகளைப் பதிப்பிக்கும் வேலையையும் ஹாப்ட்மன்தான் பார்த்தார்.

தமிழில் இதே சொல் வேறொரு திருப்பம் எடுத்தது. 1921இல் பாரதி இறந்தபோது அவர் மேதை என்று யாரும் ஒருமனதாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1930களின் நடுவில் அவர் மகாகவியா, தேசியகவி மட்டும்தானா என்று கல்கி ஒரு பக்கமும் வ.ரா., மணிக்கொடிக்காரர்கள் மறு பக்கமுமாக நின்று பெரிய சண்டை போட்டார்கள். கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' 1937இல் வந்தது. ஷேக்ஸ்பியரும் தாகூரும் அளவுகோலாக நிறுத்தப்பட்டார்கள். மகாகவி என்ற பட்டம் எப்படிப் படிப்படியாகக் கட்டப்பட்டது என்பதைச் சிவத்தம்பியும் அ. மார்க்ஸும் 1984இல் சேர்ந்து எழுதிய நூலில் விரிவாகப் பார்க்கலாம்.

எனக்கு இங்கே முக்கியம் அடுத்து நடந்தது. பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. தேசம் முழுக்கப் பாடுகிற பாட்டு ஒரு ஸ்டுடியோ அதிபரின் சொத்தாக இருப்பதா என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளம்பினார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. 1950களில் அதைப் பொதுவுக்கு விட்டது. இந்த வரலாறு ஆ. இரா. வேங்கடாசலபதியின் நூலில் இருக்கிறது. ஜெர்மனியில் மேதை என்ற வாதம் எழுத்தைத் தனியுடைமை ஆக்கியது. இங்கே மகாகவி என்ற வாதம் தனியுடைமையை உடைத்தது: அவர் மகாகவி, ஆகவே ஒருத்தருக்கும் சொந்தமில்லை. ஒரு கருத்தாக்கத்துக்கு என்றென்றைக்குமான அரசியல் கிடையாது. யார் கையில், எந்த வழக்கில் என்பதைப் பொறுத்தது. அதேசமயம், மகாகவியாக நிரூபிக்கப்படாத எழுத்தாளனின் குடும்பத்துக்கு இப்படி ஒரு கிளர்ச்சி நடந்திருக்குமா என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

'அப்ப எல்லா எழுத்தும் ஒண்ணுதானா? புதுமைப்பித்தனும் தொடர்கதைக்காரரும் சமமா?' என்று நண்பர்கள் மடக்குவார்கள். இல்லை. ஒரு கதை நம்மை உலுக்குகிறது, இன்னொன்று உலுக்குவதில்லை. அந்த வேறுபாடு நிஜம். அந்த வேறுபாட்டைப் பிரதிக்குள்ளே, அதன் வாக்கியத்தில், அது எடுத்துக்கொண்டதில், விட்டதில் தேடலாம். மேதை என்று சொல்லிவிட்டால் தேடல் முடிந்துபோகிறது. வேறொன்றும் நடக்கிறது. மேதை என்று ஆனவருக்கு வேறு சட்டம் அமலாகிறது. 2018இல் பெண்கள் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கியபோது, பெரிய கலைஞராச்சே, கலையை மட்டும் பார்ப்போமே என்று நம் இலக்கிய நண்பர்களே சொன்னதைக் கேட்டோம். மொழிபெயர்ப்புக் கூலியை ஏமாற்றுவதிலிருந்து உடம்பில் கைவைப்பது வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் முன்ஜாமீன் வாங்கித் தருகிறது. இன்று இயந்திரம் கவிதை எழுதுகிறதே என்ற பதற்றத்திலும், இயந்திரத்துக்கு மேதைமை உண்டா என்று தொடங்கிவிட்டார்கள். யார் யார் எழுதியதை அள்ளிப் போட்டு அதைப் பழக்கினார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது பின்னுக்குப் போகிறது.

நம் சிற்றிதழ்களின் உள்ளட்டையைப் பாருங்கள். ஆசிரியர், ஒளியச்சு, மெய்ப்பு, அட்டை, அச்சு என்று வரிசை. தெரிந்தோ தெரியாமலோ 1753ஆம் வருஷத்து அகராதியின் பக்கம் அங்கே உயிரோடு இருக்கிறது. வீதிநாடகக் குழுக்களில் அதுகூட இல்லை. பத்துப் பேர் மூன்று வாரம் ஒத்திகையில் பேசிப் பேசி வசனம் உருவாகிறது. ஊர்க்காரர் ஒருவர் குறுக்கே சொன்ன வாக்கியம் நாடகத்தின் உச்சமாகிவிடுகிறது. இரண்டு வருஷம் கழித்துப் புத்தகமாகும்போது அட்டையில் ஒரு பெயர். ஒத்திகை நோட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. அடுத்த நாடகம் அச்சுக்குப் போகிறபோது அந்த நோட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு, எந்த வசனம் யார் வாயிலிருந்து வந்தது என்று பார்த்து, அட்டையில் யார் பெயர் போடுவது, காசு ஏதாவது வந்தால் எப்படிப் பிரிப்பது என்று குழு முழுவதும் உட்கார்ந்து பேசலாம்.